அன்னவீரன் கதை: வம்சப் பெருமையிலிருந்து அவலத்துக்கு

ரிச்சர்ட் வாக்னர் 'ரொமான்டிக் ஆப்பெரா' என்று பெயரிட்ட லோஹங்ரின் 1850 ஆகஸ்ட் 28 அன்று வைமாரில் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் தலைமையில் முதன்முதலாக மேடையேறியது. முந்தைய ஆண்டு ட்ரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கெடுத்துத் தப்பியோடி ஸ்விட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த வாக்னரால் அதைக் காண முடியவில்லை.

கதை பத்தாம் நூற்றாண்டில், ஆன்ட்வெர்ப் ஆற்றங்கரையில் நடக்கிறது. பிரபாண்ட் நாட்டு இளவரசி எல்சா தன் தம்பியைக் கொன்றுவிட்டாள் என்று டெல்ராமுண்ட் பிரபு மன்னர் ஹென்ரிக்கின் முன் குற்றம் சாட்டுகிறான். அன்னம் இழுத்துவரும் படகில் பெயர் தெரியாத வீரன் ஒருவன் வந்து, அவளுக்காகப் போரிட்டு வென்று, அவளை மணக்கிறான். தன் பெயரையும் பிறப்பிடத்தையும் ஒருபோதும் கேட்கக் கூடாது என்பது அவன் நிபந்தனை. டெல்ராமுண்டின் மனைவி ஆர்ட்ரூட் விதைத்த ஐயம் வளர, திருமண இரவிலேயே எல்சா கேட்டுவிடுகிறாள். தான் லோஹங்ரின், பார்சிவலின் மகன், புனித கிரெயில் என்னும் தெய்வீகப் பொருளின் காவல் வீரன் என்று அறிவித்துவிட்டு அவன் பிரிகிறான்.

இந்தக் கதைக்கு மேடையேறும்போதே சுமார் எழுநூறு வயது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிலுவைப்போர்க் காவியங்களில் அன்னவீரன் 1099இல் ஜெருசலேமைக் கைப்பற்றிய கோட்ஃப்ரீயின் பாட்டனாக வருகிறான். அவன் மகள் ஈடாதான் கோட்ஃப்ரீயின் தாய். அவன் வந்ததும் மணந்ததும் ஒரு பெருங்குடிக்கு விண்ணகத் தொடர்பு தேடித் தரவே. குழந்தை பிறந்துவிட்டால் கதையின் வேலை முடிந்துவிடும்; ஆகவே தடைசெய்யப்பட்ட கேள்வி ஏழாண்டு இல்லறத்துக்குப் பிறகே எழுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் தம் பார்சிவல் காவியத்தின் முடிவில் இந்த வீரனைப் பார்சிவலின் மகனாக்கினார். இடைக்காலக் கவிஞர்கள் செய்த மாற்றங்களிலேயே ஆழமானது இதுதான் என்பது என் துணிபு. காயமுற்ற கிரெயில் அரசனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனதே பார்சிவலின் பிழை. அவன் மகனையோ கேள்வி கேட்பவரிடமிருந்து கிரெயிலே பிரித்துவிடுகிறது. தந்தையை வாட்டிய மௌனம், மகனின் மனைவிக்குக் கட்டளையாகிறது. இங்கும் குழந்தைகள் உண்டு. நினைவுக்காக வாளையும் கொம்பையும் மோதிரத்தையும் விட்டுச் செல்கிறான்.

அந்நூற்றாண்டின் இறுதியில் பெயரறியாத கவிஞர் ஒருவர் இதைத் தனிக் காவியமாக விரித்தபோது டெல்ராமுண்டும் மன்னர் ஹென்ரிக்கும் இடம்பெற்றனர். அதில் எல்சாவைத் தூண்டுபவள் கிளீவ் சீமாட்டி. தன் கணவனை லோஹங்ரின் வீரவிளையாட்டில் வீழ்த்திய ஆத்திரத்தில், அவனுடைய குலத்தைப் பற்றிக் குத்தலாகப் பேசுகிறாள். பிரபுக்குடும்பங்களின் போட்டியே அங்கே கேள்வியாக மாறுகிறது.

இக்காவியத்தை அறிஞர் கோரஸ் 1813இல் பதிப்பித்திருந்தார். வாக்னர் பாரிஸில் இருந்தபோது இக்கதையை அறிந்தார். 1845 கோடையில் மரியன்பாட் நீரூற்று நகரில் ஆப்பெராவுக்கு வடிவம் கொடுத்தார். சீமாட்டியின் இடத்தில், பழைய தெய்வங்களை வணங்கும் ஆர்ட்ரூட்டைப் படைத்தார். அன்னமாக மாற்றப்பட்ட சகோதரன் என்ற பழங்கதைக் கூறு, காணாமற்போன தம்பி கோட்ஃபிரீட்டின் மர்மமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லாண்டு இல்லறத்தை ஓர் இரவாகச் சுருக்கினார். குழந்தைகள் மறைந்தனர். வம்சம் தழைக்க வந்த வீரன் இப்போது யாருக்கும் மூதாதை இல்லை. கதையின் பாரமெல்லாம் எல்சாவின் கேள்வியின் மேல் விழுகிறது. பழைய கதைகளில் மனைவியின் பலவீனமாக இருந்த அது இங்கே காதலின் உரிமையாக ஒலிக்கிறது. தான் நேசிப்பது யாரை என்று அறிய விரும்பும் பெண்ணைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

இந்த இடறல் வாக்னரின் காலத்திலேயே உணரப்பட்டது. எல்சாவுக்குக் கிடைக்கும் தண்டனை கொடியது என்று நண்பர் ஹெர்மன் ஃபிராங்க் வாதிட்டார். வாக்னரும் முடிவை மாற்றுவது பற்றி யோசித்துப் பார்த்தார். ஆனால் இறுதியில் மாற்றவில்லை. ஓராண்டு அவள் பொறுத்திருந்தால் தம்பி திரும்பியிருப்பான் என்று லோஹங்ரின் சொல்கிறான். அவனுடைய வேண்டுதலால் அன்னம் கோட்ஃபிரீட்டாக உருமாறி பிரபாண்டின் ஆட்சியை ஏற்கிறது. அரசுரிமை காப்பாற்றப்பட்டுவிட்டது. எல்சா தம்பியின் கைகளிலேயே உயிர்விடுகிறாள். வோல்ஃப்ராம் எழுதாத இந்த மரணத்தை வாக்னர்தான் எழுதினார்.