நீலக் கைகள்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஹைவேயில் சுமார் 40 கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை டீக்கடை என்று யாரும் எண்ணியதில்லை. பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்டு, நுரை ததும்ப ஆற்றித் தருவார்கள். 'இதெல்லாம் வேஸ்ட் சார், கிரீன் டீக்கு மாறிடுங்க' என்று பக்கத்து சீட்காரர் அட்வைஸ் பண்ணுகிற காலம் இது. கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கிரீன் டீக்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு.

1848. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராபர்ட் ஃபார்ச்சூன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவுக்குள் நுழைகிறார். தலையைச் சிரைத்து, பின்னால் ஜடை தொங்கவிட்டு, சீன உடையில். தேயிலைச் செடியையும், அதைப் பதப்படுத்தும் ரகசியத்தையும் கிளப்பிக்கொண்டு வரவேண்டும். நாகரிகமாகச் சொன்னால் ஆராய்ச்சி. பச்சையாகச் சொன்னால் திருட்டு.

கிரீன் டீ ஒரு செடி, கறுப்பு டீ வேறு செடி என்றுதான் அதுவரை ஐரோப்பாவில் பலரும் நம்பினார்கள். தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டியிருந்தார். அதெல்லாம் இல்லை, ஒரே செடிதான் என்றார் ஃபார்ச்சூன். பறித்த கையோடு சூடு காட்டினால் பச்சை. வாடவிட்டு, கசக்கி, காற்றுபட்டுக் கறுக்கவிட்டால் நம்ம டீத்தூள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரீன் டீ தயாரிக்கும் இடத்தில் அவர் பார்த்த இன்னொரு காட்சிதான் விசேஷம். தொழிலாளர்களின் கையெல்லாம் நீலம்! வறுபடும் இலையில் பிரஷ்யன் ப்ளூ சாயத்தையும் ஜிப்சம் தூளையும் கலந்து தூவிக்கொண்டிருந்தார்கள். எதற்கு? டீ பளிச்சென்று ஒரே பச்சையாக இருந்தால்தான் வெள்ளைக்காரனுக்குப் பிடிக்கிறது, கூடுதல் காசு தருகிறான். சீனர்கள் அதைத் தொடமாட்டார்களாம். 100 பவுண்டு டீயில் அரை பவுண்டுக்கு மேல் இந்தச் சரக்கு என்று கணக்குப் போட்டார் ஃபார்ச்சூன். 1851 லண்டன் கண்காட்சியில் அந்தச் சாயங்களின் சாம்பிள் ஜனங்கள் பார்வைக்கு வந்தது.

இந்தியத் தோட்ட முதலாளிகளுக்கு இது லட்டு மாதிரி. 'எங்க டீ சுத்தம்' என்று விற்றார்கள். விலையும் ஏக்கர் கணக்கும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1888-ல் பிரிட்டனில் இறங்கிய இந்திய டீ, சீன டீயை முந்திவிட்டது.

சரி, உடம்புக்கு? பச்சை இலையில் கேட்டசின் என்ற சரக்கு அதிகம். கறுக்கும்போது அதில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. ஜப்பானில் 40,530 பேரைப் பல வருஷம் கவனித்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியானது. தினம் ஐந்து கப்போ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களில் மரணம் ஆண்களுக்கு 12 சதவிகிதம், பெண்களுக்கு 23 சதவிகிதம் குறைவு, ஒரு கப்புகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால். இதயநோயில் பலன் தெரிந்தது. கேன்சரில் தெரியவில்லை. அவர்கள் மீனும் காய்கறியும் சாப்பிடுகிற ஜப்பானியர்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

கப்பில் நல்லதென்றால் மாத்திரையில் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் ஜாக்கிரதை. கேட்டசினில் முக்கியமான இஜிசிஜி, மாத்திரையாகத் தினம் 800 மில்லிகிராம் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆபத்து வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு எந்த டீயையும் குடிக்கக்கூடாது. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

பழைய டீத்தூளுக்குச் சாயம் ஏற்றுகிற வித்தை நம்மூரிலும் உண்டு. வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிறகு குழாயில் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கறை ஒட்டியிருந்தால் அந்தப் பாக்கெட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.