மேட்ச்சுக்கு யார் காசு?

பாகூரோ, வில்லியனூரோ... கேபிளை கட் பண்ணிவிட்டு செல்போனில் கிரிக்கெட் பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். 90-களின் தொடக்கத்தில் லைவ் ஒளிபரப்புக்குப் பணம் தரவேண்டியது டி.வி. இல்லை, கிரிக்கெட் வாரியம்! மேட்ச்சுக்கு 5 லட்சம் ரூபாய் கேட்டது தூர்தர்ஷன்.

1993-ல் ஹீரோ கோப்பை. வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட, தூர்தர்ஷன் கொதித்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1995-ல் தீர்ப்பு: வானலைகள் அரசின் தனிச்சொத்து அல்ல, மக்கள் சொத்து!

சொத்து மக்களுடையது. வியாபாரம்? தனியார் சேனல்கள் போட்டிபோட, தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களையாவது தூர்தர்ஷனோடு பகிரச் சொல்லி 2007-ல் சட்டமே போடவேண்டி வந்தது. ஐ.பி.எல். அந்தப் பட்டியலில் இல்லை.

2023 - 27க்கான ஐ.பி.எல். ஏலத்தில் இந்திய டி.வி. உரிமை 23,575 கோடி ரூபாய். டிஜிட்டலோ 23,758 கோடி! 2023-ல் ஜியோசினிமா முழுக்க ஓசியில் காட்டி ஆளைச் சேர்த்தது. 2025-ல் ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் கொஞ்ச நேரம் ஓசி, அப்புறம் சந்தா. போட்ட முதலை எடுக்கவேண்டாமா?

வாரியம் கொடுத்தது போய், சேனல் கொடுத்தது. கடைசியில் பில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில். மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவருக்கு மட்டும் உலகக்கோப்பையில் இந்தியா ஆடும் ஆட்டமாவது மிச்சம்!