விருந்தும் எருவும்: கோவைப் பாத்திகள் சொல்லும் வரலாறு

நண்பர்கள் சிலரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருக்கிறோம். இலையில் கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கெட்டித் தயிர். “எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் எருப் போட்டு விளைந்தவை” என்று பெருமையோடு பரிமாறுகிறோம். ஒருவர் கேட்கிறார்: “ஏனுங்க, எருப் போட்டு விளைந்த கம்பில் சத்து அதிகமா? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?”

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கோவை மண்ணிலேயே!

1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. அதுவே வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இங்கே 1909இல் ஒரு நெடுங்காலச் சோதனை தொடங்கியது. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்குத் தொழு உரம். மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய ரசாயன உரங்கள் தனித்தும் சேர்த்தும் இடப்பட்டன. ஆண்டு மாறினாலும் பாத்திக்குரிய உரம் மாறாது. நிலையான உரச் சோதனை எனப்படும் இது, நூறாண்டைக் கடந்து நடந்துவருகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூர். அங்கே ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுச் சத்துக்களை ஆராய்ந்துவந்தார். கோவையின் வேளாண் ரசாயன அறிஞர் பி. விசுவநாத்தும் அவரும் சேர்ந்து, வெவ்வேறு உரங்களில் விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் ஒப்பிட்டனர். தானியங்களைச் சோதனை விலங்குகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியைக் கவனித்தனர். தொழு உரத்தில் விளைந்த தானியமே ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்தும் வைட்டமினும் மிக்கது என்று 1926இல் அறிவித்தனர். மக்காரிசனின் உணவு ஆய்வுகள் பின்னர் இங்கிலாந்தின் இயற்கை வேளாண்மை இயக்கத்தாருக்கு ஊக்கமளித்தன.

அப்படியானால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா? அவசரப்படக்கூடாது. ஒரு சோதனையின் முடிவை மற்றவர்களும் செய்து பார்த்து உறுதி செய்யவேண்டும். அறிவியலின் நெறி அதுவே. உலகெங்கும் வெளிவந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2009இலும் 2014இலும் இரு மதிப்பீடுகள் வெளியாயின. பெரும்பாலான சத்துக்களில் வேறுபாடு இல்லை என்றது முதலாவது. இயற்கை முறைப் பயிர்களில் சில நற்பொருள்கள் கூடுதல் என்றும், பூச்சிமருந்து எச்சம் காணப்படுவது குறைவு என்றும் கூறியது இரண்டாவது. வாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் மண்ணைப் பற்றிக் கோவைப் பாத்திகள் தெளிவாகவே பேசுகின்றன. தொழு உரம் இட்ட பாத்தியில் கரிமப்பொருள் பெருகியது. மணிச்சத்து சேராமல் தழைச்சத்து மட்டும் இட்ட பாத்தியில் விளைச்சல் நலிந்தது. மூன்று சத்துக்களையும் அளவோடு இட்ட பாத்தியும் நல்ல விளைச்சலே தந்தது. ஆகவே ரசாயன உரம் நஞ்சு என்பதும் சரியன்று. எரு வீண் என்பதும் சரியன்று.

தோட்டத்திலிருந்து இலைக்கு வரும் வழியிலும் சத்து குறைகிறது. ஆலையில் அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1இன் பெரும்பகுதி போய்விடுகிறது. கம்பின் கதையும் கேட்கத் தக்கது. அதன் முளைப்பகுதியில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் தானியத்திலுள்ள நொதிகள் அக்கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குகின்றன; மாவு விரைவிலேயே காறிக் கசக்கிறது. கம்பை அன்றன்றைக்கு உரலில் குத்திச் சமைத்த நம் பாட்டிமாரின் வழக்கத்துக்கு இப்படியொரு பயனும் இருந்தது. அருகில் விளைந்ததை அன்றே அரைத்துச் சமைப்பதன் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது.

எனவே விருந்தினர் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: “எருவால் மண் வளம் பெற்றது உறுதி. தவிட்டைக் கழிக்காமல், புதிதாகக் குத்திச் சமைத்ததால் சத்து நிலைத்ததும் உறுதி. எருவால் மணியில் எவ்வளவு சத்து கூடியது என்பதைத்தான் இன்னும் ஆராய்கிறார்கள். இன்னொரு கரண்டி போடட்டுங்களா?”