அரக்குத் தட்டில் நின்ற குரல்

தென்காசி, குற்றாலம் என்றவுடன் கோபுரமும் அருவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இசை வரலாற்றை ஆராய்வோர்க்கோ அவை வேறொரு காரணத்தாலும் இன்றியமையாதன. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றியது இம்மண்ணிலேயே. அவ்விலக்கிய வகையைக் கையாண்டே வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைத் திருச்சபைக்கு அளித்தார். கருணாமிர்த சாகரம் (1917) தந்த ஆபிரகாம் பண்டிதர் 1859இல் பிறந்த சாம்பவர் வடகரையும் தென்காசிக்கு அண்மையதே. இவற்றைக் குறித்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆதலின், இப்பகுதிக் குரல் ஒன்று இசைத்தட்டில் ஏறி வீட்டுக் கூடங்களுக்குள் புகுந்த வரலாற்றையே இங்கு நோக்குவோம்.

ஓர் அறையில் கூடிய சிலர்க்கென்றே வாசிக்கப்படும் இசை ஐரோப்பாவில் தனி வகையாக வளர்ந்தது. நம் நாட்டிலும் அரண்மனைக் கூடமும் செல்வர் இல்லமுமே நெடுங்காலம் கச்சேரியின் இடங்களாயிருந்தன. சபாக்கள் தோன்றியபின் இசை பெருமன்றத்திற்குச் சென்றது. அதனை மீண்டும் கூடத்திற்குக் கொணர்ந்தது கிராமபோன் எனலாம். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்ததையடுத்துச் சில ஆண்டுகளில் தென்னாட்டுப் பாடகரின் தட்டுகளும் வெளிவந்தன. அரக்குக் கலவையாற் செய்த பத்து அங்குலத் தட்டு, நிமிடத்திற்கு 78 சுற்று, பக்கத்திற்கு மூன்று நிமிடம் அல்லது சற்றே மிகுதி. சாவி கொடுக்கவேண்டும்; ஊசியை அடிக்கடி மாற்றவேண்டும்; கை தவறினால் தட்டு உடையும். ஒரு மணி நேரம் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்குவது கலைக்கு இழைத்த கொடுமை என்றோர் உண்டு. அக்கூற்றில் உண்மை உளது. எனினும் அது முழு உண்மையன்று.

இதற்குச் சான்று செங்கோட்டை கிட்டப்பா. தென்காசிக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையில் 1906இல் பிறந்த இவர், இளமையிலேயே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கியின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய உச்சக் குரல் அவருடையது. தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். 1927இல் கே. பி. சுந்தராம்பாளை மணந்தார். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில், மறைந்தார். தியாகராசரின் ‘எவரனி’ என்னும் கீர்த்தனையை அவர் பாடிய தட்டில், காலம் குறுகியதனாலேயே ஒவ்வொரு சங்கதியும் வீண்படாது பாய்வதைக் கேட்கலாம். நாடகக் கொட்டகைப் பக்கமே செல்லாத பக்தியுள்ள இல்லங்களுக்குள்ளும் அக்குரல் நுழைந்தது. வாயிற்படியில் குலமும் சமயமும் கேட்டு நிறுத்தும் வழக்கம் இசைத்தட்டிற்கு இல்லை.

தட்டின் பெருவரம், ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பதே. தென்காசியைச் சேர்ந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிதையை நுகர்ந்த முறையும் இதுவேயன்றோ? திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் கம்பனின் ஒரே செய்யுள் பன்முறை சொல்லப்படும். சொல்லச் சொல்லவே அதன் உணர்வு புலனாகும். பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது இராஜாஜி, கல்கி முதலியோர் அங்கு வந்து அவரோடு அளவளாவினர். 1954இல் மறையும்வரை அவ்விருந்தோம்பல் குன்றவில்லை. ஆயினும் ஒரு முரண்பாட்டை மறைத்தலாகாது. கிட்டப்பாவின் புகழ்மிக்க தட்டு தெலுங்குப் பாடல். இரசிகமணியோ பொருள் விளங்கும் தமிழ்ப்பாட்டே நெஞ்சிற் பதியும் என்று வாதாடி, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த தமிழிசை இயக்கத்திற்குத் துணைநின்றவர். பொருளறியாத பாட்டு உள்ளத்தைத் தொடுமா என்னும் அவ்வழக்கு, அயல்நாட்டு மெட்டுக்கும் கீர்த்தனைக்கும் இடையே தடுமாறிய திருச்சபைக்கும் உரியதே. எம் கருத்தில், இரசிகமணியின் வாதம் வலியது. எனினும் ‘எவரனி’ ஒலிக்கும் மூன்று நிமிடமும் அது நினைவில் நிற்பதில்லை!

பண்டிதர் வேறொரு வழியை மேற்கொண்டார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளைச் சுர தாளக் குறிப்புடன் அச்சிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையைத் தம் புதல்வியரைக் கொண்டே பாடியும் வாசித்தும் மெய்ப்பித்துக் காட்டினார். குறிப்பு நூலில் நிற்கும். கமகமோ குரலில்தான் வாழும். 1948இல் நெடுந்தட்டும், பின்னர் ஒலிநாடாவும் வந்தபின் அரக்குத் தட்டுகள் பரண்களுக்கு ஏறின; பல உடைந்தன, சில பழைய பொருள் வணிகரிடம் சென்றன. பெத்லகேம் குறவஞ்சியைச் சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே பாடிக் காத்தனர். நம் சிற்றூர்ச் சபைகளில் கீர்த்தனைகளைப் பழைய மெட்டு மாறாமல் பாடிய உபதேசிமாருக்கோ, கிட்டப்பாவுக்குக் கிடைத்த மூன்று நிமிடம் கிட்டவில்லை.