மலைநாட்டுத் தேயிலையும் பொதுப் பண்டமும்

பொதுப் பண்டம் என்பதற்குப் பொருளியலார் இரண்டு இலக்கணங் கூறுவர். ஒருவர் துய்ப்பதனால் மற்றவர் பங்கு குறைவதில்லை. விலை கொடாதாரை விலக்குதலும் எளிதன்று. அத்தகைய பண்டத்தை எவ்வளவு ஆக்குதல் தகும் என்னும் வினாவுக்கு மலைநாட்டு வரலாற்றிலே நல்ல சான்று உண்டு.

1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. நோய்பற்றிய அறிவு ஓரிடத்திற் பிறப்பினும் எல்லாத் தோட்டங்களுக்கும் பயன்படும். பிறர் செலவில் அறியலாமெனின், தம் பணத்தைச் செலவிட எவர்தாம் முன்வருவர்? நோயை ஆராய்தற்கென மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் இங்கு வந்தது 1880இலேதான். காற்றிற் பரவும் நுண்வித்துக்களே நோய்க்குக் காரணமென அவர் காட்டினார். ஆயின் பதினோராண்டு கழிந்துவிட்டது, கோப்பி அழிந்தது.

அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏற்றுமதித் தேயிலையின்மீது விதித்த சிறு வரியே அதன் முதல். லிந்துலைக்கு அணித்தாகத் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் அந்நிலையம் அமைந்தது. 1946இற் கொப்புள நோய் கொழுந்தைத் தாக்கியபோது, செப்புக் கலவை தெளிக்கும் முறையை ஆராய்ந்து கூற அறிஞர் அண்மையிலேயே இருந்தனர். இருநோயும் ஒரே தன்மையன அல்ல. எனினும் முன்னரே தேடிவைத்த அறிவின் பயன் தெளிவாகின்றது.

வரி பணத்தைத் திரட்டும். போதிய அளவைச் சொல்லாது. அதற்குரிய விதியை 1954இல் போல் சாமுவேல்சன் வகுத்தார். மூன்று தோட்டங்கள் உள்ளன என்க. ஓர் ஆராய்ச்சியாளருக்குச் செலவு 1,000 ரூபா. அவரால் அவை பெறும் பயன் முறையே 500, 400, 300 ரூபா. தனித்தனியே எத்தோட்டமும் அவரை நியமியாது. கூட்டினாலோ பயன் 1,200 ரூபா. ஆகவே நியமித்தல் தகும். இரண்டாமவரால் வரும் பயன் 400, 300, 200 எனின் கூட்டுத்தொகை 900. அங்கே நிறுத்துதல் வேண்டும். எல்லாருடைய எல்லைப் பயன்களின் கூட்டுத்தொகை எல்லைச் செலவுக்குச் சமமாகும் இடமே தக்க அளவாம். ஆனால் தமது பயனைக் குறைத்துக் கூறிப் பங்கிலிருந்து தப்ப முயல்வார் உளர் என்பதையும் சாமுவேல்சன் மறந்திலர்.

இனி, அக்கூட்டலில் யார் யார் சேர்வர்? கொழுந்து கெட்டால் லயத்தில் அடுப்பும் எரியாது. ஆயினும் ஏற்றுமதி நிறையின்மீது விதிக்கும் வரி தொழிலாளியின் பயனை அளப்பதில்லை. அதனை அரசியல் வாயிலாகவே உரைத்தல் வேண்டும். அந்த வாயிலையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வாக்குரிமைப் பறிப்பும் அடைத்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. நோய்க்கு மருந்தாயினும், சாலையாயினும், பள்ளியாயினும், ஒருசாரார் பயனை விட்டுக் கூட்டிய தொகை குறைந்தே நிற்கும். அதன்படி ஆக்கிய பொதுப் பண்டமும் குறைந்தே நிற்கும். பிழை விதியிலன்று, கூட்டியவர் கணக்கிலேயாம்.