அன்னபூரணி அமெரிக்கா போன கதை

மேனாட்டுச் செல்வர்களிடம் உல்லாசப் படகு என்று ஒன்று உண்டு. கோடையெல்லாம் அதில் ஏறிக் கடலில் உலாவுவார்கள். குளிர் வந்ததும் அதைக் கரையேற்றி, கிழிந்த பாயைத் தைத்து, கசியும் இடத்தை அடைத்து, வர்ணம் பூசி, அடுத்த கோடை வரையில் கொட்டகையில் வைத்துப் பாதுகாப்பார்கள். இந்தப் பணிவிடைக்கென்றே அங்கே கடலோரத்தில் பெரிய பெரிய பட்டறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர், தமிழர்கள் வெறும் மணலில் வைத்துக் கட்டிய கப்பலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார் என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ!

அவர் பெயர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன். 1928-லிருந்து 1931 வரை 32 அடி நீளப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். மாசசூஸெட்ஸ் மாகாணத்து இப்ஸ்விச்சில் சொந்தமாகக் கப்பல் பட்டறை நடத்தியவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்தப் பட்டறையில் அமெரிக்கக் கடற்படைக்குக் கூடக் கலங்கள் கட்டினார்கள். ஆகவே, பளபளப்பைக் கண்டு ஏமாறும் ஆசாமி அல்ல.

அவர் வாங்கிய கப்பல் 'அன்னபூரணி'. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டு கட்டியது. நீளம் 89 அடி, இரண்டு பாய்மரம். மரம் என்ன தெரியுமோ? நாம் பல் துலக்கக் குச்சி ஒடிக்கும் வேப்ப மரம்தான்!

வல்வெட்டித்துறைக்காரர்கள் பரம்பரைக் கடலோடிகள். நாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் ரங்கூனுக்கும் பாய் விரித்துப் போய் வந்தவர்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு பக்கம் போகும். பர்மா அரிசி மறுபக்கம் வரும். அந்தக் கப்பல்களைக் கட்டியதும் பழுது பார்த்ததும் அதே கரையில். முதலில் ஏராக் கட்டையைக் கிடத்துவார்கள், அதிலிருந்து விலா எலும்புபோல் வங்குகள் எழும்பும், அதன்மேல் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாரைத் திணித்துத் தண்ணீர் புகாமல் அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். கப்பலின் உயிர் அந்தக் கலப்பத்தில்தான் இருக்கிறது. மேஸ்திரியின் கண்தான் அளவுகோல். காகிதத்தில் படம் எழுதிக் கட்டும் வழக்கம் கிடையாது. எங்கள் தேவிகாபுரத்துக்குக் கடல் வெகுதூரம். ஆனாலும் பாவு ஓட்டும்போது ஆயிரக்கணக்கான இழைகளின் கணக்கை மனத்திலேயே வைத்திருக்கும் தறிக்காரர்கள் இங்கே உண்டு. ஆகையால் அந்த மேஸ்திரிமார்களின் வித்தை எனக்கு மாயமாகத் தோன்றவில்லை.

வாங்கிய கையோடு ராபின்ஸன் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. 'அன்னபூரணி' என்ற பெயரை எடுத்துவிட்டு, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்ஸன்' என்று சூட்டினார். மனைவிமேல் பிரியம் இருக்கட்டும். உலகத்துக்கே சோறிடும் அம்மையின் பெயரை மாற்ற இவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

பெயர் மாறியதே தவிர, ஓட்டிய கைகள் மாறவில்லை. தண்டையல் கனகரத்தினம் தம்பாப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் கப்பலில் இருந்தார்கள். ஏடன், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ட்டர் என்று போய், அட்லாண்டிக்கைக் கடந்து பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டு 1-ஆம் தேதி குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். அந்த ஊர் லேசுப்பட்டதல்ல. தலைமுறை தலைமுறையாக மரக்கப்பலில் மீன் பிடிக்கப் போன ஊர். பக்கத்து எஸெக்ஸ் கிராமமோ அந்த மரக்கப்பல்களைக் கட்டிக் கொடுத்த ஊர். கப்பலின் குணம் தெரிந்தவர்கள் நடுவில்தான் நம்முடைய வேப்பமரம் போய் நின்றது.

ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியதை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். அந்தக் கப்பல்களில் ஒரு பலகைகூட நம் கைக்குக் கிடைக்கவில்லை. பாட்டன் காலத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கப்பலைப் பற்றி மட்டும் ஏன் மேடையில் ஒருவரும் பேசுவதில்லை? அதில் ராஜா இல்லை என்பதாலா?

யுத்தத்திற்குப் பின் காலம் மாறிற்று. பர்மாவும் இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாயின. சுங்கமும் குடிவரவுச் சட்டமும் இறுகின. பாயின் வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. கப்பல் கட்டிய அந்த மணலில் இன்று கண்ணாடியிழைப் படகுகள் கிடக்கின்றன. அவற்றுக்குக் கலப்பத்து வேண்டியதில்லை.