பாயிண்ட் வந்த வழி

முள்ளுக்குறிச்சியில் கொல்லிமலை ஏற்றம் தொடங்கும் முன்பு அம்பாசிடரை ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். வண்டி மிஸ்ஸிங் அடித்துக்கொண்டே வந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரை உருவினால், அடியில் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது பாயிண்ட். இரண்டு டங்ஸ்டன் முகங்கள். ஒன்றில் குழி, மற்றதில் அதற்குச் சரியாக ஒரு மேடு.

இந்தப் பாயிண்ட்-காயில் இக்னிஷன் முறை வடிவம் பெற்றது அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில், சார்லஸ் கெட்டரிங் பட்டறையில். 1912 காடிலாக்கில் ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றையும் ஒரே மின் அமைப்பில் கோத்தார் அவர். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் சேரும். திறந்த கணத்தில் புலம் சரிந்து, பல்லாயிரம் வோல்ட் பிளக்கில் பாயும். பாயிண்டில் எழும் பொறியைக் கண்டன்சர் உள்வாங்கிக்கொள்ளும்.

அதே தத்துவம் கடல் கடந்து பர்மிங்காமின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் புகுந்தது. பிறகு மோரிஸ் ஆக்ஸ்போர்டோடு இந்தியா வந்தது; அந்த வண்டி உத்தர்பாராவில் அம்பாசிடரானது. 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கிய பிறகு, வாகன மின்பாகங்கள் நம் ஊரிலேயே உருவாயின.

அந்தச் சின்ன உதிரிபாகம் படும் பாடு கொஞ்சமல்ல. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடும். அரை மணி நேர ஏற்றத்துக்கு 1,80,000 முறை. கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய, 0.015 அங்குல இடைவெளி சுருங்கும், டைமிங் பின்தங்கும். சமவெளியில் தெரியாத அந்தக் குறை கொண்டை ஊசி வளைவில் தெரிந்துவிடும். இழுவை குறையும், எஞ்சின் சூடேறும்.

பழைய வண்டிகளில் பாயிண்டின் வேலையை இன்று, காந்த வளையமும் ஹால் சென்சார் மாட்யூலும் கொண்ட ஒரு கிட் செய்துவிடும். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான் அதற்கு அடிப்படை. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. வளையத்தைக் கேமில் அழுத்தி, மாட்யூலைத் தட்டில் முடுக்கி, இரண்டு வயரைக் காயிலில் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் வாங்கும் முன் சிலவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் 25டி4, 45டி4 என்று பொறித்திருக்கும்; கிட் அந்த எண்ணுக்குப் பொருந்த வேண்டும். பழைய மோரிஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் கொடுத்தால் அந்த நிமிடமே போய்விடும். காயிலையும் மீட்டரில் அளக்க வேண்டும். 3 ஓம் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் அதற்கு இரட்டிப்பு இழுக்கும். தாங்காத மாட்யூல் வெந்துபோகும். செம்புக் கம்பி பிளக் வயரை மாற்றி ரெசிஸ்டர் வயர் போடுவது நல்லது. ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடினால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியை ஆனில் விடாதீர்கள்.

நான் மாட்யூல்தான் போட்டேன். டைமிங் லைட் வைத்து மறுபடி டைமிங் பிடித்த பிறகு, வண்டி இரண்டாம் கியரில் சீராக ஏறியது. எதையும் வெட்டவில்லை, துளைக்கவில்லை. பழைய வண்டிக்குச் செய்யும் எந்த மாற்றமும் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. மாட்யூல் போனால் பெரும்பாலும் சொல்லாமல் போகும். மலை நடுவே அதைத் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. பாயிண்டோ முன்கூட்டியே திணறிக் காட்டும், உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும்.

அதனால் அந்தப் பாயிண்டை நான் தூக்கிப் போடவில்லை. முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, கண்டன்சரையும் ஃபீலர் கேஜையும் சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். டேட்டனிலிருந்து முள்ளுக்குறிச்சி வரை வந்தது, இனி என்னோடு மலையேறும்.